கோஹன் டி-யா, கிளாஸ் டெல்டாவா? முந்திரிக் கொல்லை டேட்டாவுக்கு எது

ரெண்டு குரூப்போட சராசரி வித்தியாசம் எவ்வளவு பெருசுன்னு, அதை எஸ்டியால (ஸ்டாண்டர்ட் டீவியேஷன், மதிப்புங்க சராசரிலேருந்து எவ்வளவு சிதறுதுங்கற அளவு) வகுத்துச் சொல்றதுதான் கோஹன் டி, கிளாஸ் டெல்டா ரெண்டுமே; எந்த எஸ்டியால வகுக்கறதுங்கறதுலதான் வேறுபாடு. பண்ருட்டி பக்கத்து முந்திரிக் கொல்லைங்களை வச்சு ப்ராஜெக்ட் பண்ணப்போ நான் கிளாஸ் டெல்டாதான் போட்டேன், யாராவது கேட்டா இப்பவும் அதைத்தான் சொல்வேன். ஒரு பக்கம் கொட்டை போட்டு வளந்த மரம், இன்னொரு பக்கம் ஒட்டு கன்னு. கொட்டை மரத்துல ஒண்ணு கொத்துக் கொத்தா காய்க்கும், பக்கத்துலயே நிக்கிறது பேருக்கு நாலு காய் விடும், ஒட்டு மரம் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. இதுல ரெண்டு குரூப்புக்கும் வேரியன்ஸ் (எஸ்டியோட வர்க்கம்) ஒண்ணுன்னு எப்படி எடுத்துக்கறது?

கோஹன் டி எல்லாருக்கும் தெரியும், எந்த சாஃப்ட்வேர்லயும் வரும், 0.2 சின்னது, 0.5 நடுத்தரம், 0.8 பெருசுன்னு கைடுகிட்ட சொல்லவும் வசதி. ஹெட்ஜஸ் ஜி அதையே சின்ன சாம்பிளுக்குத் திருத்துறது, அவ்வளவுதான்.

சிக்கல் எங்கன்னா, கோஹன் டி-க்கு ரெண்டு குரூப் எஸ்டியையும் சேத்து ஒண்ணாக்கி, அதாவது பூல் பண்ணி, அதால வகுக்கணும்; அப்படிப் பூல் பண்ணும்போது எந்த குரூப்ல ஆள் ஜாஸ்தியோ அந்தப் பக்கம் எஸ்டி சாஞ்சிடும். கணக்குக்கு ரவுண்டா வச்சுக்குவோம்: ஒட்டு மரம் சராசரியா 3 கிலோ கூட, எஸ்டி கொட்டை மரத்துக்கு 4, ஒட்டுக்கு 2. கொட்டை 80, ஒட்டு 20 எடுத்தா டி 0.81 வருது. 20, 80னு திருப்பிப் போட்டா 1.19! மரமும் மாறல காய்ப்பும் மாறல, எதுல எத்தனை எண்ணினோம்ங்கறதுதான் மாறிச்சு. வெல்ச் டெஸ்ட் (வேரியன்ஸ் வேறயா இருந்தாலும் ரெண்டு சராசரியை ஒப்பிடற டெஸ்ட்) போட்டுட்டேனேம்பாங்க, அது பி வேல்யூவுக்கு (நிஜத்துல வித்தியாசமே இல்லேன்னா இவ்வளவாவது வர எவ்வளவு வாய்ப்புங்கறதுக்கு) சரி, ஆனா வேரியன்ஸ் வேறன்னு ஒத்துக்கிட்டு அதைப் போட்டவங்களே அடுத்த வரில பூல் பண்ண டி-யை எழுதுறாங்க பாருங்க.

கிளாஸ் 1976ல காட்டின வழில கன்ட்ரோல் குரூப் (ஒப்பிட அடிப்படையா வைக்கிற குரூப்) எஸ்டியால மட்டும் வகுக்கணும். இங்க கன்ட்ரோல் கொட்டை மரம், ஏன்னா கொல்லைல ஏற்கெனவே நிக்கிறது அதான். 3-ஐ 4-ஆல வகுத்தா 0.75, மரம் எத்தனை எண்ணினாலும் வகுக்கற இடத்துல அந்தக் கொட்டை மரத்து எஸ்டிதான். காய்ப்பு நார்மலா பரவியிருந்தா 100 கொட்டை மரத்துல 77 சராசரி ஒட்டு மரத்துக்குக் கீழ நிக்குதுன்னு அர்த்தம், இதைக் கொல்லைக்காரர்கிட்டயே சொல்லலாம்.

ஆனா எது கன்ட்ரோல்னு டேட்டா பாக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடணும், 2-ஆல வகுத்தா 1.5 வரும், கை அரிக்கும். ரெண்டுமே ஒட்டு ரகம், கன்ட்ரோல்னு எதுவும் இல்லேன்னா ரெண்டு வேரியன்ஸையும் சராசரி பண்ணி ரூட் எடுத்துக்கலாம், மேல சொன்ன நம்பருக்கு 0.95. கன்ட்ரோல்ல பத்து மரம்தான்னா அந்த எஸ்டியே ஆட்டம் காணும், பூட்ஸ்ட்ராப் பண்ணி (இருக்கற டேட்டாலேருந்தே திரும்பத் திரும்ப சாம்பிள் எடுத்துக் கணக்குப் போட்டு) டெல்டா எதுலேருந்து எதுவரைக்கும் இருக்கலாம்னு ஒரு இடைவெளி குடுக்கறது நல்லது. ஒரு பக்கமா ரொம்ப சாஞ்ச டேட்டால நான் டெல்டாவை அதிகம் ஓட்டிப் பாத்ததில்ல, அதனால அங்க அடிச்சு சொல்ல மாட்டேன். எதைப் போட்டாலும் ரெண்டு சராசரி, ரெண்டு எஸ்டியை டேபிள்ல தனித்தனியா குடுத்துடுங்க, வேற எஸ்டியால வகுக்கணும்னு நினைக்கிறவங்க அவங்களே வகுத்துப்பாங்க.