வெள்ளெலி யாருக்கு உறவு?

விசுவமடுப் பக்கத்துக் கச்சான் தோட்டமொன்றில் இரவில் டோர்ச் அடித்தால், இரண்டே தாவலில் வெளிச்சத்தைக் கடந்துவிடும் மணல்நிற உயிரொன்றின் வாலைக் கவனிக்க வேண்டும். வால் உடலைவிடச் சற்று நீண்டு, மேலும் கீழும் கருமையாகவும் பக்கங்களில் வெளிறியும், நுனியில் கருங்குஞ்சத்தோடும் இருந்தால் அது வயலெலி அன்று, டாடெரா இண்டிகா என்னும் வெள்ளெலி. ஜெர்பில் எனப்படும் பாலைநில எலிவகைக் கூட்டத்தைச் சேர்ந்த இது, மாரியில் வயல்கள் நீரில் மூழ்கும் வன்னியில் மேட்டுக்காணிகளில் வளை தோண்டி வாழ்கிறது. இதை எங்கே வகைப்படுத்துவது என்பதில் மூன்று வழிகள் இருந்துள்ளன.

1807 இல் இயற்கையியலாளர் ஹார்ட்விக் இதை, பின்னங்கால்களால் துள்ளிச் செல்லும் பாலைநிலக் கொறிணிகளான ஜெர்போவாக்களின் பேரினமாகிய டிபுஸில் வைத்தார். துள்ளலையும் குஞ்சவாலையும் மட்டும் பார்ப்பவருக்கு அது பொருத்தமாகவே தோன்றும். ஆனால் டிபுஸின் பின்னங்காலில் மூன்றே விரல்கள், பாத எலும்புகளும் ஒன்றாய் இணைந்தவை. வெள்ளெலிக்கோ ஐந்து விரல்கள். பெரும்பாலும் நான்கு கால்களிலேயே ஓடுகிறது. ஆகவே முதல் வழி காலிலேயே தோற்றுவிடுகிறது.

ஜெர்பில்களைத் தனிக் குடும்பமாக்குவது இரண்டாவது வழி. எலிக் குடும்பமான முரிடேயின் துணைக்குடும்பமாக வைப்பது மூன்றாவது. தனிக் குடும்பம் கேட்பவர்களின் வலுவான சான்று பல்லில் இருக்கிறது. கூகை கக்கிய உருண்டையைப் பிரித்து வெள்ளெலியின் மண்டையோட்டை எடுத்தால், மேல் வெட்டுப்பல் ஒவ்வொன்றின் முகப்பிலும் நெடுக ஓடும் ஒரு பள்ளம் ஊசிமுனைக்குத் தட்டுப்படும். கடைவாய்ப்பற்களில் குறுக்குவாட்டு வரம்புகள் வயல்வரப்புகள்போல் வரிசையாக நிற்கும். வயலெலியின் வெட்டுப்பல்லோ வழவழப்பானது, கடைவாய்ப்பல்லில் மேடுகள் மூன்று நிரையாக அமைந்தவை. இவ்வளவு வேறுபாட்டைக் கண்டவர்கள் தனிக் குடும்பம் கேட்டதில் வியப்பில்லை. ஆயினும் மரபணு ஒப்பீடுகள் ஜெர்பில்களுக்கு மிக நெருங்கிய உறவாக, சாதாரணச் சுண்டெலிபோல் தோன்றும் அகோமிஸ் கூட்டத்தையே காட்டுகின்றன; அதையும் முரிடேக்குள் வைத்துக்கொண்டு ஜெர்பிலை மட்டும் வெளியே தள்ள முடியாது என்பதால், மூன்றாவது வழியே எனக்குச் சரியாகப்படுகிறது.

பேரினச் சிக்கல் இதைவிடச் சிறியது. முன்பு டாடெராவில் இருந்த ஆப்பிரிக்க இனங்கள் ஜெர்பில்லிஸ்கஸ் என்ற வேறு பேரினத்துக்குப் போய்விட, ஆசியாவின் இண்டிகா மட்டுமே மிஞ்சியது. இலங்கை விலங்குக்கு 1906 இல் ரொட்டன் தனி இனமாகச் சூட்டிய சிலோனிகா என்ற பெயரும் இண்டிகாவுக்குள் அடங்கிவிட்டதால், சிரியாவில் வளை தோண்டுவதும் விசுவமடுவில் கச்சான் கிளறுவதும் இன்று ஒரே இனமாகவே எண்ணப்படுகின்றன.