டைல்ஸும் கார்பெட்டும் சேரும் வாசலுக்கு: ஷ்லூட்டர் ரெனோ-டிகே விளிம்புப் பட்டை

டைல்ஸ் பதித்த நடைவழியும் கார்பெட் விரித்த கூடமும் சேரும் வாசலில் ஏறத்தாழ அரை அங்குல ஏற்றத்தாழ்வு இருப்பது கனடாவின் வீடுகளில் சாதாரணமாகக் காணக்கூடியது. பெரும்பாலான வீடுகளில் அதன்மேல் ஒரு மெல்லிய உலோகப் பட்டையை ஆணியால் அறைந்து, உயர வேறுபாட்டைச் சரிசெய்யாமல் மறைத்து மட்டும் விடுகிறார்கள். ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டிலும் அத்தகைய பட்டைதான் இருந்தது. வாக்கர் பிடித்து நடக்கும் என் தாயார் அந்த வாசலைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் முன்சக்கரம் அதில் முட்டி நின்றது. நடைவழிக்குப் புதிய டைல்ஸ் பதிக்க நேர்ந்தபோது, பழைய பட்டைக்குப் பதிலாக ஷ்லூட்டர் நிறுவனத்தின் ரெனோ-டிகே பட்டையைப் பொருத்தினோம். ஒரு முழுப் பனிக்காலம் பயன்படுத்திப் பார்த்த பிறகே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

இந்த ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் பட்டையின் பயன் விளங்கும். ஒட்டுப்பலகைத் தரையின்மேல் 3 மி.மீ. அடிவிரிப்பு, ஏறத்தாழ அதே அளவு ஒட்டுச் சாந்து, 8 மி.மீ. டைல் ஆகியவை சேர்ந்து 14 மி.மீ. உயரம் எழுகிறது. கார்பெட்டையும் அதன் அடியிலுள்ள பஞ்சு மெத்தையையும் சேர்த்து அறையின் நடுவில் அளந்தால் அதைவிட உயரமாகவே தோன்றும். ஆனால் கார்பெட்டை இழுத்துப் பிடிக்கும் முள்பட்டை விளிம்பை ஒட்டி அடிக்கப்படுவதால், பஞ்சு மெத்தை அதற்கு முன்பாகவே நின்றுவிடுகிறது. எனவே வாசலருகே கார்பெட்டின் கனம் மட்டுமே எஞ்சுகிறது. அதுவும் கால் பட்டதும் அமுங்கிவிடும். அறை நடுவில் அளந்துவிட்டு, இரண்டும் ஒரே மட்டம் என்று சொல்லும் ஒப்பந்தக்காரரை நம்ப வேண்டாம். அளவு எடுக்க வேண்டியது விளிம்பில்தான்.

ரெனோ-டிகே இந்த இடத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டது. துளைகள் கொண்ட அதன் கால் டைலுக்கு அடியில் சாந்துக்குள் புதைந்துகொள்வதால், மேலிருந்து ஆணியோ திருகோ தேவைப்படுவதில்லை. டைலின் மட்டத்திலிருந்து அதன் முகம் சரிவாகக் கீழிறங்குகிறது. அந்தச் சரிவுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் கார்பெட்டின் வெட்டு விளிம்பைச் செருகிவிடலாம். இதனால் டைலின் ஓரம் உடைவதில்லை, கார்பெட்டின் நூலும் பிரிவதில்லை. பனி ஒட்டிய காலணிகள் ஓயாமல் கடந்த வாசல் எங்களுடையது. ஆயினும் கார்பெட்டின் ஓரத்தில் ஒரு நூல்கூட வெளியே வரவில்லை. எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது, அம்மாவின் வாக்கர் இப்போது முட்டாமல் உருண்டு செல்கிறது என்பதே.

வாங்குவதற்குமுன் கவனிக்க வேண்டியவையும் உண்டு. டைலின் கனத்துக்கு ஏற்ற உயரத்தில் பட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டைல் பட்டையைவிடத் தாழ்ந்து அமைந்தால் புதிதாக ஒரு தடுக்கல் உருவாகிவிடும். அலுமினியப் பட்டையின்மேல் சிந்தும் சிமெண்டுச் சாந்தை உடனே துடைத்துவிட வேண்டும். சிமெண்டின் காரத்தன்மை அலுமினியத்தை அரித்துக் கறையாக்கிவிடும். விலையும் சாதாரண ஆணிப் பட்டையைவிட அதிகம். ஆனாலும் டைல் பதிக்கும் மொத்தக் கூலியோடு ஒப்பிட்டால் இது சிறு தொகைதான், அதில் மிச்சம் பிடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதன் பெரிய வரம்பு, டைல் பதிக்கும்போதே இதையும் வைத்தாக வேண்டும் என்பது. ஏற்கெனவே பதித்த தரைக்கு இது உதவாது. எங்கள் மேல்மாடிக் குளியலறை வாசலில் டைலை உடைக்க மனமில்லாததால் வேறு வழியை நாடினோம்: கார்பெட்டைச் சற்று விலக்கி, அடியில் ஆப்பு வடிவ மரச் சீவல்களை வரிசையாகப் பொருத்தி, தரையையே டைலின் மட்டம்வரை மெல்ல உயர்த்தினோம். அமெரிக்க மாற்றுத்திறனாளர் அணுகல் விதிகள், கால் அங்குலம் வரையான செங்குத்து ஏற்றத்தை அனுமதிக்கின்றன. அதற்குமேல் அரை அங்குலம் வரை விளிம்பைச் சரிவாக்க வேண்டும், அதையும் தாண்டினால் ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்ற சாய்வுதளம் தேவை. அவை தனி வீடுகளுக்குக் கட்டாயமில்லை என்றாலும், முதியோர் இருக்கும் வீட்டில் அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. அந்தக் கணக்கின்படி, 13 மி.மீ. உயரத்துக்குச் சீவல்களின் நீளம் குறைந்தது 156 மி.மீ. இருக்க வேண்டும். நாங்கள் அதைவிடக் கூடுதலாகவே நீட்டிக்கொண்டோம். கார்பெட்டுக்கு அடியில் ஏற்றம் இருப்பதே காலுக்குத் தெரியவில்லை.

சக்கர நாற்காலி பயன்படுத்துவோர் இருக்கும் வீட்டுக்கு ரெனோ-டிகேயை நான் சொல்ல மாட்டேன். அதன் சரிவு குறுகியது. அதே நிறுவனத்தின் ரெனோ-ராம்ப் என்ற அகன்ற சாய்வுப் பட்டையே அவர்களுக்குப் பொருத்தமானது. மற்றபடி, டைல்ஸைப் புதிதாகப் பதிக்கவிருப்பவர்கள், வேலை தொடங்கும் முன்பே கார்பெட்டின் துண்டு ஒன்றையும் டைல் ஒன்றையும் கடைக்கு எடுத்துச் சென்று, இரண்டையும் பட்டையோடு பொருத்திப் பார்த்து உயரத்தை முடிவு செய்யுங்கள். சாந்து இறுகிய பிறகு அந்த அளவை மாற்ற முடியாது.