ஓ.எம்.ஆர். ஆபீஸா, வீட்டு மேசையா?

ஆபீஸுக்குப் போய் வேலை பார்ப்பது நல்லதா, வீட்டிலிருந்து பார்ப்பது நல்லதா? சென்னையின் ஐ.டி. சாலையான ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை), சோழிங்கநல்லூர், சிறுசேரி பக்கம் வேலை பார்ப்பவர்களிடம் இதைக் கேட்டால், முதலில் சாலையைப் பற்றித்தான் பேசுவார்கள். மாதவரம் – சிப்காட் மெட்ரோ பணி தொடங்கியதிலிருந்து ஓ.எம்.ஆர். பல இடங்களில் குறுகிப்போனது. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாக வருபவர் மழை நாளில் எத்தனை மணிக்கு ஆபீஸ் சேர்வார் என்று அவருக்கே தெரியாது. பயண நேரத்துக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. இந்த ஒரு கணக்கில் வீடு சுலபமாக ஜெயித்துவிடும்.

செலவுக் கணக்கு அவ்வளவு சுலபமில்லை. தென்காசியிலோ திருநெல்வேலியிலோ சொந்த வீட்டிலிருந்து வேலை செய்தால் பி.ஜி. (தங்கும் விடுதி) வாடகை மிச்சம், வீட்டுச் சாப்பாடு. ஆனால் ஏசி, நல்ல நாற்காலி, ஜெனரேட்டர் என்று ஆபீஸ் கொடுத்ததெல்லாம் இப்போது நம் செலவு. துணை மின் நிலையப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தும் நாளில் கிளையன்ட் கால் இருந்தால் இன்வெர்ட்டர்தான் கதி.

சரி, வேலை எங்கே நன்றாக நடக்கிறது? சீனாவின் சிட்ரிப் பயண நிறுவனம் 2010-11இல் தன் கால் சென்டர் ஊழியர்களில் ஒரு பகுதியினரை ஒன்பது மாதம், வாரத்துக்கு நான்கு நாள், வீட்டிலிருந்து வேலை செய்ய வைத்துப் பார்த்தது. அவர்களுடைய செயல்திறன் 13 சதவீதம் கூடியது. அதில் பெரும்பகுதி, இடைவேளையும் உடம்பு சரியில்லாத விடுப்பும் குறைந்ததால் வந்தது. ஆனாலும் அதே அளவு வேலை செய்த ஆபீஸ்காரர்களைவிட இவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. தனிமை தாங்காமல் ஆபீசுக்கே திரும்பியவர்களும் நிறைய. இத்தனைக்கும் கால் சென்டர் வேலையை எண்ணிப் பார்த்துவிடலாம். ஒரு டிசைன் முடிவு எப்படிப் பிறந்தது என்பதை அப்படி எண்ண முடியாது.

புதிதாக வேலைக்குச் சேரும் ஃப்ரெஷர்களுக்கு நான் தயங்காமல் ஆபீசைத்தான் சொல்வேன். புரொடக்‌ஷனில் (வாடிக்கையாளர் பயன்படுத்தும் மென்பொருளில்) பிரச்சினை வரும்போது சீனியர் எந்த லாகை (மென்பொருள் தன் செயல்களைப் பதியும் கோப்பை) முதலில் திறக்கிறார் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்க்க முடியும். சாட்டில் கேட்கக் கூச்சப்படும் சின்னச் சந்தேகம் டீ குடிக்கும்போது தானாக வாயில் வந்துவிடும். முதல் இரண்டு வருடம் இதை இழந்தால் பிறகு ஈடுகட்டுவது கஷ்டம்.

கைக்குழந்தை உள்ள பெண்களுக்கு வீடே நல்லது என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மடியில் குழந்தை, அடுப்பில் குக்கர், காதில் ஹெட்செட் என்றால் ஒரே நேரத்தில் அவர் மூன்று வேலை பார்க்கிறார். 2017 மகப்பேறு சட்டத் திருத்தம், விடுப்பு முடிந்தபின் நிறுவனம் ஒப்புக்கொண்டால் வீட்டிலிருந்து வேலை செய்ய வழி தந்தது. அதே திருத்தம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. முதலாவதைப் பேசும் அளவுக்கு இரண்டாவதை யாரும் கேட்பதில்லை. நல்ல காப்பகம் இருந்தால் பல அம்மாக்களுக்கு ஆபீஸ்தான் நிம்மதி.

மற்றவர்களுக்கு வாரம் இரண்டு நாள் வீடு, மூன்று நாள் ஆபீஸ் என்பதே என் தேர்வு. இன்று டிரிப்.காம் என்ற பெயரில் இருக்கும் அதே சீன நிறுவனத்தில், 1,600க்கும் மேற்பட்டவர்களிடம் இந்த இரண்டு நாள் முறையைச் சோதித்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. செயல்திறனும் பதவி உயர்வும் பாதிக்கப்படவில்லை. ஆனால் டீம் முழுக்க ஒரே நாட்களில் வர வேண்டும். இரண்டு மணி நேரம் டிராஃபிக்கில் வந்து, வீட்டிலிருக்கும் சகாவோடு வீடியோ காலில் பேசுவதற்கு ஆபீஸ் எதற்கு? புது வேலையில் சேருமுன் சம்பளத்தோடு இதையும் ஹெச்.ஆரிடம் கேட்டுவிடுங்கள்: என் டீம் எந்தெந்த நாள் வருகிறது?