புத்தகம் போட 'பேக்கேஜ்' வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் சொந்தச் செலவில் புத்தகம் போட நினைக்கும் சிலர் சமீபத்தில் என்னிடம் ஒரே பதிப்பு நிறுவனத்தைப் பற்றி விசாரித்தார்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடுகிறேன். அதன்மேல் நான் கொடுத்த புகார் விசாரணையில் இருப்பதால் பெயர் போடவில்லை. விசாரித்தவர்களுக்கு யார் என்று தெரியும்.

என்னுடையது பாம்பன் கடற்கரையின் காற்று, நீரோட்டம், கரைவலை, பாசி எடுக்கும் பெண்கள் பற்றிய 176 பக்கப் புத்தகம். புத்தகத் திருவிழாவில் அறிமுகமான, அந்த நிறுவனத்தின் சென்னைக்காரர் 48,000 ரூபாய்க்கு எல்லாம் முடித்துத் தருவதாகச் சொன்னார். மெய்ப்பு (பிழை திருத்துவது), வடிவமைப்பு, அட்டை, ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்), 300 பிரதிகள், விளம்பரம் எல்லாம் அதில் அடக்கம்.

பில்லில் ஐஎஸ்பிஎன்னுக்கு மட்டும் 4,500 ரூபாய். டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது. சொந்தமாக வெளியிடும் எழுத்தாளரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். காசு போனதுகூடப் பரவாயில்லை, எண் அவர்கள் பதிப்பகத்தின் பெயரில் இருக்கிறது. நானே மறுபதிப்பு போட்டால் அந்த எண் உதவாது, புதிதாக வாங்க வேண்டும்.

மெய்ப்பு தனிக் கூத்து. நான் யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுத்தேன். பார்வைக்கு வந்த பிடிஎஃப் சுத்தமாக இருந்தது. அச்சுக்குப் போனதோ வேறு கோப்பு. ஏதோ பழைய எழுத்துருவுக்கு மாற்றியதில் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன. போதாததற்கு யாரோ சொல்திருத்தியை வேறு ஓட்டியிருக்கிறார்கள். வாடைக்காற்று 'வடைக்காற்று' ஆனது, சோழகக்காற்று 'சோகக்காற்று' ஆனது. கச்சான் காற்று மட்டும் எப்படியோ தப்பித்தது. காலமெல்லாம் வள்ளத்தில் போன எங்கள் பெரியப்பா நாலு பக்கம் படித்துவிட்டு, "சட்னி எங்கடா?" என்று கேட்டார். அச்சுக்குப் போகும் கடைசிக் கோப்பையே கேட்டு வாங்கிப் படியுங்கள். வட்டாரச் சொற்களின் பட்டியல் ஒன்றையும் கூடவே கொடுத்து, இவற்றில் கைவைக்காதே என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

முந்நூறில் வந்து சேர்ந்தது 75 பிரதி. மீதி கடைகளுக்குப் போய்விட்டதாம். எந்தக் கடை, டெலிவரி சலான் எங்கே, அச்சகப் பில் எங்கே என்று கேட்டால் "அனுப்புறோம் சார்" என்பதுதான் பதில். தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் பத்து, இருபது பிரதிகூடப் போடலாம். அதில் தப்பில்லை, ஆனால் 300 பிரதிக்குக் காசு வாங்கிக்கொண்டு அப்படிச் செய்தால் அதற்குப் பெயர் வேறு.

விளம்பரம் என்றது என் போட்டோ போட்ட ஒரு போஸ்டர். அதை என் வாட்ஸ்அப் குழுக்களில் நானே பகிர வேண்டுமாம்! அப்புறம், சொந்தக்காரர்கள் பத்துப் பேரை ஒரே நேரத்தில் அமேசானின் மின்புத்தகக் கடையான கிண்டிலில் வாங்கச் சொன்னார்கள். அங்குள்ள விற்பனைப் பட்டியலில் ஆள் நடமாட்டமில்லாத சின்ன உட்பிரிவில் அதுவே புத்தகத்தை மேலே தள்ளிவிடும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து 'பெஸ்ட்செல்லர்' என்று அடுத்த ஆளுக்குக் காட்டுகிறார்கள். இன்னொரு 15,000 கொடுத்தால் நூலக ஆர்டர் நிச்சயம் என்றும் சொன்னார்கள். அரசு நூலகக் கொள்முதலில் எந்தப் புத்தகம் தேர்வாகும் என்று எந்த இடைத்தரகரும் உறுதி கொடுக்க முடியாது. அதற்கு நான் பணம் தரவில்லை.

ஒப்பந்தத்தில் 'உரிமைகள் அனைத்தும் பதிப்பகத்துக்கு' என்று ஒரு வரி பொடி எழுத்தில் இருக்கிறது, எத்தனை வருடம் என்று இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி, காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுக்குத்தான். அவர்கள் "நிரந்தரம்" என்று மிரட்டினால் இதைச் சொல்லுங்கள். வடிவமைப்பின் ஓப்பன் ஃபைலுக்கு (திருத்தக்கூடிய மூலக் கோப்பு) இப்போது தனியாக 6,000 கேட்கிறார்கள். முன்பணம் தருவதற்கு முன்பே அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுத்திருக்கிறேன். நிறுவனம் சென்னையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழித்துவிடாதீர்கள்.

திருத்திய பதிப்பு உள்ளூர் அச்சகத்தில் தயாராகிறது. அதுவரை, இணையத்தில் 450 ரூபாய்க்கு இருக்கும் பழைய பதிப்பை வாங்காதீர்கள். அதில் ஒரு பைசாகூட எனக்கு வரவில்லை.