மேற்கு ஜன்னலுக்கு ஒரு பழைய காலத்துத் திரைச்சீலை

பினாங்கு ஜெலுத்தோங்கில் நாங்கள் இருப்பது என் மாமனார் வாங்கிய பழைய வரிசை வீடு. இரும்புச் சட்டம் போட்ட ஜன்னல்கள், அவற்றுக்கு மேலே சுவரில் வரிசையாகக் காற்றுத் துளைகள். முன்கூடம் மேற்குப் பார்த்தது. திரைச்சீலை என்று எழுதினாலும், இங்கே எங்கள் வாயில் வருவது லங்சிர் என்ற மலாய்ச் சொல்தான். தீபாவளிக்குத் தீபாவளி லங்சிர் மாற்றுவோம். ஆனால் பதினைந்து ஆண்டுகளாக அதே பாலியஸ்டர், அதே ஐலெட் வளையம், நிறம் மட்டும் வேறு. தமிழ்ப்பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற இந்த ஆண்டு, பழைய வீட்டுக்குப் பழைய காலத்துத் திரை போட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

என் மனத்தில் இருந்தது விக்டோரியா மகாராணி காலத்து அறை. கருஞ்சிவப்பு வெல்வெட், ஜன்னலின் தலையை மூடும் பெல்மெட், ஓரமெல்லாம் குஞ்சம். முதலில் போன பேரங்காடிக் கடையில் வீட்டைப் பார்க்காமலே 4,100 வெள்ளி (ரிங்கிட்) என்று விலை சொன்னார்கள். துணி அழகாகத்தான் இருந்தது. ஏதோ உறுத்தியதால் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பிறகு போனதுதான் ஜார்ஜ்டவுனில் லெபோ பாசார் பக்கம், ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கும் தையல் கடை. தையல்கார பாயும் அவருடைய தங்கை மகளும் மட்டுமே வேலை செய்கிறார்கள். பெருநாளுக்கும் தீபாவளிக்கும் வரும் வேலையே கை நிறைய இருப்பதால் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை. கீழே இருக்கும் துணிக்கடைகளில் மாடித் தையல்கார பாய் என்று விசாரித்தால் வழி காட்டுவார்கள். அவருடைய தாத்தா கடையநல்லூர்த் தறிக்காரர். துணியை விரலிடுக்கில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் விதத்திலேயே அது தெரிகிறது.

பாய் அளவெடுக்க வந்தது மாலை நான்கு மணிக்கு. காலையில் வாருங்கள் என்றேன், மறுத்துவிட்டார். வந்தவர் டேப்பை எடுக்கவில்லை. கூடத்தின் நடுவில் நின்று வெயில் தரையில் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று பார்த்தார். பிறகு நாற்காலி போட்டு ஏறி, காற்றுத் துளைகளுக்கு நேரே உள்ளங்கையை வைத்தார்.

"டீச்சர், நீங்களும் கையை வைத்துப் பாருங்கள். சூட்டுக் காற்று இந்த வழியாகத்தான் வெளியே போகிறது. பெல்மெட் போட்டால் இதை அடைத்துவிடுவீர்கள்."

இங்கிலாந்தில் வெல்வெட்டுக்கும் பெல்மெட்டுக்கும் குளிர்தான் காரணம் என்று பொறுமையாக விளக்கினார். ஜன்னல் இடுக்கில் குளிர்காற்று நுழையும். கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்த காற்று திரைக்குப் பின்னால் இறங்கி அறைக்குள் பரவும். அதைத் தடுக்கத்தான் கனத்த துணி, அடுக்கடுக்கான திரை, மேலே மூடி. நிலக்கரி எரித்த நகரங்களில் வெளிப்புகையையும் அந்த அடுக்குகள் கொஞ்சம் தடுத்தன. எந்தக் குளிரும் நுழையாத ஜெலுத்தோங் வீட்டுக்கு அதை மாட்டச் சொன்னால் தைத்துத் தருவேன், ஆனால் உங்களுக்கு நல்லது செய்தவன் ஆகமாட்டேன் என்றார். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் என் கை இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.

அவர் காட்டிய மாற்று, விக்டோரியாவுக்குச் சற்று முந்தைய ரீஜன்சி பாணி. 1811 முதல் 1820 வரை இங்கிலாந்தில் மன்னருக்குப் பதிலாக இளவரசர் ஆட்சி நடத்திய காலத்தின் பெயர் அது. தடித்த மரக்கம்பு ஒன்று, அதன் இரு முனைகளிலும் கடைந்த குமிழ். கம்பின் மேல் துணியைத் தோரணம்போல் வளைத்துப் போட்டு ஒரு பக்கம் நீளமாகத் தொங்கவிடுவார்கள். உள்ளே வெறும் மஸ்லின், மெல்லிய பருத்தித் துணி. நம் தேர்ச்சீலைகளைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்த வளைவு அந்நியமாகவே இல்லை. கம்பைக் காற்றுத் துளைகளுக்குக் கீழே மாட்டினார். ஜன்னல் சட்டத்தைத் தாண்டி இருபுறமும் அரை அடி நீட்டிவிட்டதால், திரையை ஒதுக்கினால் கண்ணாடி முழுவதும் திறந்துவிடுகிறது. தோரண வளைவுக்குத் துணியை மூலைவாட்டில் வெட்டினார். நேர் இழையில் வெட்டினால் வளைவு விறைத்து நிற்கும், விழாது. மஸ்லினுக்கு ஜன்னல் அகலத்தைப் போல இரண்டரை மடங்கு துணி. இதில் கஞ்சம் பிடிக்கிற கடைகளை ஒருபோதும் நம்பாதீர்கள்.

துணி தேர்ந்தெடுத்த நாளை என்னால் மறக்க முடியாது. கொடியும் பூவும் ஓடும் பருத்தித் துணி ஒன்றை விரித்து, "இதைச் சீட்டி என்பார் என் பாட்டி" என்றார். எனக்குச் சிலிர்த்தது. ஆங்கிலேயர் வீட்டு அலங்காரத்தில் தமக்கே உரியதுபோல் கொண்டாடும் சின்ட்ஸ் இந்தச் சீட்டிதான். சோழமண்டலக் கரையில் கையால் தீட்டியும் அச்சுப் பதித்தும் அனுப்பிய துணி. துவைத்தாலும் போகாத அந்தச் சாயத்தில் ஐரோப்பா அப்படி மயங்கியதால், பிரான்ஸ் 1686-இல் தடை போட்டு 1759 வரை வைத்திருந்தது. இங்கிலாந்து 1701-இல் உள்நாட்டு உபயோகத்துக்கான இறக்குமதியை நிறுத்தியது. 1721-இல் வந்த சட்டம் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவும் கூடாது, வீட்டில் போடவும் கூடாது என்றது. ஜன்னல் திரையையும் பெயர் சொல்லியே தடுத்தார்கள். 1774-இல்தான் அது நீங்கியது, அதற்குள் அவர்களே அச்சிடக் கற்றுக்கொண்டார்கள். இத்தனை ஆண்டு வகுப்பில் கிழக்கிந்தியக் கம்பெனியைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அந்த வரலாறு என் கூடத்து ஜன்னலில் தொங்கும் என்று நினைத்ததில்லை. வெல்வெட் ஆசை அந்த நிமிடத்தில் விட்டுப்போயிற்று.

படுக்கையறைக்கு அதிகம் யோசிக்கவில்லை. ஜார்ஜ்டவுனில் 1930-களில் கட்டிய கடைவீடுகளின் ஆர்ட் டெக்கோ முகப்புகள் எனக்கு எப்போதும் பிடிக்கும். அந்த நேர்க்கோட்டு அழகில், தரைவரை இறங்கும் சாம்பல் நிறத் துணியும் கீழே ஒற்றைக் கறுப்புப் பட்டையும் போதும் என்றேன். உள்ளே வெயில் மறைக்கும் அகத்துணி. நன்றாக அமைந்தது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மூன்று வாரம் என்றவர் ஐந்து வாரம் எடுத்தார். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்புதான் மாட்டினோம், அதுவரை வீடு வெறும் ஜன்னலோடு கிடந்தது. தொலைபேசியை எடுப்பதே அரிது. ஒரு மடலில் இரண்டு துணி அகலங்கள் சேரும் இடத்தில் பூக்கொடி ஒரு விரற்கடை விலகியிருந்தது. காட்டியதும் கழற்றிக்கொண்டு போய்ப் பிரித்துத் தைத்துக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை. ஆனாலும் மாட்டுவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டியது. அட்டை வாங்குவதில்லை, ரொக்கம் மட்டும்.

வெட்டுவதற்கு முன் பருத்தித் துணி முழுவதையும் அவரே நனைத்துக் காயவைத்துவிடுகிறார். பிறகு அதிகம் சுருங்காது. கீழ்மடிப்பிலும் நான்கு அங்குலம் விட்டிருக்கிறார். முதல் துவைப்பில் கொஞ்சம் சாயம் விடும், தனியாக அலசுங்கள் என்றார். அப்படியே செய்தேன், நிறம் நிற்கிறது.

கூடத்து மூன்று ஜன்னல்களுக்கும் படுக்கையறைக்கும் மரக்கம்பு, கூலி எல்லாம் சேர்த்து 2,350 வெள்ளி. இப்போது மாலை நான்கு மணிக்கு மஸ்லின் வழியாக வெயில் மோர் நிறத்தில் இறங்குகிறது, மேலே துளைகள் திறந்தே இருக்கின்றன. மின்விசிறியை இரண்டில் வைத்து உட்கார முடிகிறது.

வாசற்கதவுக்கும் அதே சீட்டியில் ஓர் அரைத்திரை சொல்லியிருக்கிறேன், தைப்பூசத்துக்குள் தருவதாகச் சொன்னார். அவரிடம் போகிறவர்கள் ஜன்னலின் படத்தோடு, அது எந்தத் திசை பார்க்கிறது, மேலே துளை உண்டா என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்குப் போய்விடுவார், மூன்று மணிக்குமேல் போனால் பார்க்கலாம்.