போர்டில் ‘நியூரோ’ இருந்தது, டாக்டர் இல்லை

ஆடி மாதத்து ஞாயிறு. கொடுங்கையூரில் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். கிண்டிக்கொண்டிருந்த சித்தி திடீரென்று கையை எடுத்துவிட்டு, "டேய், தலையில யாரோ கட்டையால அடிச்ச மாதிரி இருக்குடா" என்றார். உட்கார்ந்த இடத்திலேயே வாந்தி. வெயிலும் வெறும் வயிறும்தான் காரணம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் மோர் கொடுக்கப் பார்த்தார்கள். கழுத்தைக் குனிய முடியவில்லை என்று அவர் சொன்னதும் நான் ஆட்டோ பிடித்தேன்.

வழியில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசலில் ‘24 மணி நேர நியூரோ அவசர சிகிச்சை’ என்று பெரிய போர்டு. உடனே சி.டி. எடுத்தார்கள், மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்திருப்பதையும் சரியாகச் சொன்னார்கள். அதுவரை அவர்கள் மீது எனக்குக் குறை இல்லை. அதற்கு அப்புறம் நடந்ததற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முன்பணம் 50,000 கட்டச் சொன்னார்கள். "நியூரோ சார் வந்துட்டே இருக்கார், பயப்படாதீங்க தம்பி" என்றார் டூட்டி டாக்டர். அப்போது காலை 11 மணி. மதியம் கேட்டபோது சார் வேறொரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனில் இருந்தார். இரவு கேட்டபோது காலையில் முதல் வேலையாக வந்துவிடுவார் என்றார்கள். வேறு இடத்துக்குக் கொண்டு போகட்டுமா என்று மூன்று முறை கேட்டேன். "இப்ப அசைச்சா ஆபத்து, உங்க பொறுப்பில கூட்டிட்டுப் போறதா இருந்தா கையெழுத்துப் போடுங்க" என்று பயமுறுத்தினார்கள். பயந்து உட்கார்ந்துவிட்டேன்.

விடியற்காலை 4 மணிக்கு சித்திக்கு வலிப்பு வந்தது, நினைவு போய்விட்டது. ரத்தக்குழாய் மறுபடி உடைந்திருந்தது. அப்போதுதான், "எங்ககிட்ட இதுக்கு வசதி இல்ல, பெரிய இடத்துக்குக் கொண்டு போயிடுங்க" என்றார்கள். முந்தைய நாள் 11 மணிக்கே சொல்லியிருக்கக்கூடிய வார்த்தை அது. பில் 86,000. அதைக் கட்டி முடிக்கும்வரை சி.டி. படத்தைக்கூடக் கையில் தரவில்லை.

சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். டாக்டர் ராமமூர்த்தி 1950-ல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கிய இடம் அது. போன வேகத்தில் மண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து, தேங்கிய நீரை வெளியே எடுத்தார்கள். தொடை வழியாகக் குழாய் விட்டுப் படம் பிடித்து உடைந்த இடத்தைக் கண்டுபிடித்து, மண்டையைத் திறந்து அந்த இடத்தை இறுக்கி மூடக் கிளிப் போட்டார்கள். முதல்வர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டார்கள்.

அங்கே ஒரு டாக்டர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். மூளையின் ரத்தக்குழாய் வீங்கி உடைந்த கசிவில், மறுபடி உடையும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். அதற்குள் கிளிப் போட வேண்டும், அல்லது உள்ளே கம்பிச்சுருள் வைத்து அடைக்க வேண்டும். எங்கள் சித்தி அதில் 17 மணி நேரத்தை ஐ.சி.யூ. கட்டிலில் சும்மா படுத்துக் கழித்திருக்கிறார்.

ஆபரேஷனோடும் முடிவதில்லை. நான்காம் நாளிலிருந்து இரண்டு வாரம்வரை மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கக்கூடும். ஏழாம் நாள் இரவு சித்தியின் பேச்சு லேசாகக் குழறியது. தூக்கக் கலக்கம் என்றுதான் நான் நினைத்தேன். நர்ஸ் அக்கா ஒரு கேள்வி கேட்டார், உடனே டாக்டரைக் கூப்பிட்டார், சில நிமிடங்களில் ரத்த அழுத்தத்தை ஏற்ற மருந்து ஓடியது. இதையே தினமும் பார்க்கிறவர் என்பதால்தான் அவருக்கு அது பிடிபட்டது.

அமெரிக்க இதய சங்கம் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இது இருக்கிறது என்று பிறகு படித்தேன். ஆண்டுக்கு 10-க்கும் குறைவாக இந்த வகைக் கசிவைப் பார்க்கும் ஆஸ்பத்திரி, 35-க்கு மேல் பார்க்கும் இடத்துக்கு நோயாளியைச் சீக்கிரம் அனுப்புவதைப் பற்றி யோசிக்க வேண்டுமாம். படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், சி.டி.யில் ரத்தம் என்று சொன்ன உடனே கேளுங்கள். நரம்பு சர்ஜன் இப்போது கட்டிடத்துக்குள் இருக்கிறாரா? மூளை ரத்தக்குழாய்க்கான கேத் லேப் (தொடை வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் அறை) இங்கே இருக்கிறதா, இரவில் அதை இயக்க ஆள் உண்டா? போன வருஷம் இப்படி எத்தனை பேருக்குச் செய்தீர்கள்? பதில் இழுத்தால், டாக்டரோடும் வென்டிலேட்டரோடும் ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். நாங்கள் கடைசியில் போய்ச் சேர 40 நிமிடம்கூட ஆகவில்லை.

அப்புறம், கேஸ் ஷீட்டை, அதாவது என்ன சிகிச்சை கொடுத்தார்கள் என்ற பதிவை, எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-லிருந்து மருத்துவ கவுன்சில் விதி. அதை வாங்கிப் பார்த்துத்தான் தெரிந்தது, ரத்தக்குழாய் சுருங்குவதால் வரும் பாதிப்பைக் குறைக்க 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 21 நாள் கொடுக்க வேண்டிய நிமோடிபின் மாத்திரை அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வேளைகூடத் தரப்படவில்லை.

சித்தி இப்போது நடக்கிறார். வலது கை இன்னும் மடங்கவில்லை, என் பெயரைச் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுக்கிறார். கேஸ் ஷீட் நகலோடு, மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்குநரகம் இருக்கும் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் போன வாரம் புகார் கொடுத்துவிட்டு வந்தேன்.