செஷனை எங்கே வைப்பது: ஃபைலா, டேட்டாபேஸா, ரெடிஸா?

பிஎச்பி-யில் எதையும் மாற்றாமல் விட்டால் செஷன் (யார் லாக்-இன் செய்தார், கூடையில் என்ன இருக்கிறது என்று பயனருக்கு ஒன்றாகச் சர்வர் வைக்கும் குறிப்பு) ஃபைலாகத்தான் சேரும். ஒரே சர்வர் என்றால் அதுவே போதும். அடிக்கடி படிக்கும் ஃபைலை லினக்ஸ் மெமரியிலேயே வைத்திருப்பதால் வேகத்திலும் குறை தெரியாது. தொல்லை வருவது பூட்டில். செஷன்_ஸ்டார்ட் ஓடியதும் ஃபைல் பூட்டிக்கொள்ளும், ஸ்கிரிப்ட் முடியும்வரை திறக்காது. ஒரு பக்கம் ஒரே நேரத்தில் 6 அஜாக்ஸ் (பின்னணியில் போகும்) கோரிக்கை அனுப்பினால் அவை வரிசையில் நிற்கும். தலைக்கு அரை நொடி என்றால் கடைசிப் பதில் வர 3 நொடி. பலரும் டேட்டாபேஸ்தான் மெதுவென்று நினைத்து அதன் இண்டெக்ஸைக் குடைந்துகொண்டிருப்பார்கள். எழுதி முடித்ததும் செஷன்_ரைட்_க்ளோஸ் போடுங்கள், பூட்டு உடனே திறக்கும். படிக்க மட்டுமே என்றால் பிஎச்பி 7 முதல் ரீட்_அண்ட்_க்ளோஸ் இருக்கிறது.

காலாவதி இன்னொரு குழி. இயல்பு அளவு 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். டெபியன், உபுண்டுவில் பழைய ஃபைல்களைத் துடைப்பது பிஎச்பி அல்ல, அரைமணிக்கு ஒருமுறை ஓடும் தனி வேலை. அது பிஎச்பி.ஐஎன்ஐ என்ற அமைப்பு ஃபைலை மட்டுமே பார்க்கும். கோடுக்குள் நேரத்தைக் கூட்டினாலும் பழைய கணக்கிலேயே அழித்துவிடும். கோடுக்குள் ஃபோல்டரை மாற்றினால் அங்கே எட்டிப்பார்க்காது, குப்பை குவியும்.

"ரெடிஸுக்கு (தரவை மெமரியில் வைக்கும் சர்வர்) மாறினோம், தளம் பறக்கிறது" என்பார்கள். பெரும்பாலும் பறக்கவைத்தது ரெடிஸ் இல்லை, பூட்டு போனதுதான். பிஎச்பி-யை ரெடிஸோடு இணைக்கும் பிஎச்பி-ரெடிஸில் செஷன் பூட்டு இயல்பாக அணைந்தே இருக்கும். இரண்டு கோரிக்கைகள் ஒரே கூடையைப் படித்து, ஆளுக்கொரு பொருள் சேர்த்து எழுதினால், பின்னால் எழுதியது மட்டுமே மிஞ்சும். பூட்டைப் போட லாக்கிங்_எனேபிள்ட் 1 என்று வையுங்கள். கேஷும் செஷனும் ஒரே ரெடிஸில் வேண்டாம்: ஆல்கீஸ்-எல்ஆர்யூ (நெடுநேரம் தொடாததை முதலில் அழிக்கும் அமைப்பு) இருந்தால் மெமரி நிரம்பியதும் செஷனையும் தூக்கிவிடும், ஆட்கள் காரணமில்லாமல் லாக்-அவுட் ஆவார்கள். ரெடிஸுக்குள் டேட்டாபேஸ் எண்ணை மாற்றுவதும் உதவாது, மெமரி வரம்பு மொத்த இன்ஸ்டன்ஸுக்கும் ஒன்றுதான். தனி இன்ஸ்டன்ஸ், நோஎவிக்‌ஷன் (நிரம்பினாலும் எதையும் அழிக்காத அமைப்பு), மெமரி நிரம்பும் முன் எச்சரிக்கை: இவை மூன்றும் வேண்டும்.

மெமரியில் மட்டுமே வைக்கும் மெம்கேஷ்டை ரீஸ்டார்ட் செய்தால் எல்லோரும் வெளியே. அவ்வளவுதான் அதைப் பற்றி.

டேட்டாபேஸை மெதுவானது என்று ஒதுக்குவது அவசரம். பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கான லாராவெல் 11 அதையே இயல்பாக வைத்திருக்கிறது. அதன் செஷன் டேபிளில் யூசர்_ஐடி இருப்பதால், கடவுச்சொல் மாறியதும் ஒருவரின் எல்லாக் கருவிகளையும் ஒரே டெலீட்டில் வெளியேற்றலாம். ஃபைலில் அது நடக்கிற காரியமில்லை. பைதான் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவும் இயல்பாக டேட்டாபேஸில்தான் வைக்கும், ஆனால் காலாவதியான வரிகளைத் தானாக அழிக்காது. கிளியர்செஷன்ஸ் கட்டளையைத் தினமும் கிரானில் (நேரம் குறித்து வேலையை ஓட்டும் லினக்ஸ் வசதி) ஓட்டுங்கள்.